அழகுக்கலைப் பயிற்சியும் நம் இளைஞர்களும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழிற்கல்வி குறித்துப் பேச வேண்டுமென்று விழாக் குழுவினர் பணித்தனர். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் ஆகிய பிரிவுகளைப் பற்றி இம்மேடையில் 25 ஆண்டுகளாகப் பலரும் பேசிவிட்டனர். காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்பேட்டைகள் எழுந்த பிறகு நம் பிள்ளைகள் பலர் ஆலை வாயிலைக் கடந்து உள்ளே சென்றிருக்கின்றனர். ஒப்பந்தக் கூலிகளாகவே சென்றோர் பலர் என்பது வேறு செய்தி. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அழகுக்கலையும் உடல்நலச் சிகிச்சைப் பயிற்சியும் ஆகும். பின்வரிசையில் சிலர் புன்னகைப்பதைக் காண்கிறேன். ஈராண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறே புன்னகைத்திருப்பேன்.

சென்ற ஆண்டு, பத்தாம் வகுப்புத் தேறிய பெண்ணொருத்தி ஐ.டி.ஐ.யில் அழகுக்கலைப் பிரிவில் சேர விரும்பினாள். விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். மறுநாள் அவள் தந்தையார் அதை என்னிடமே திருப்பிக் கொண்டுவந்து, "ஐயா, அடுத்தவன் காலைக் கழுவவா இவளைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்டார். அவர் குரலில் சினமில்லை, வருத்தமே இருந்தது. அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இன்று நான் பேசப்போவதெல்லாம் அவருக்குக் கூறத் தவறிய விடை என்றே கொள்ளுங்கள்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதன்று, வேலை செய்வோரையே மேல் கீழ் எனப் பிரித்து அடுக்குவது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே தெளிவாக்கினார். அப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாடு எனக் கருதப்பட்ட கல்வித் திட்டம் 1953-இல் இம்மாநிலத்தில் வந்தபோது, அதைக் குலக்கல்வி என்று கூறி மக்கள் எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. பிறர் உடலைத் தொட்டுப் பணி செய்வதென்றாலே நம்மவர் நெஞ்சில் அந்தப் பழைய நினைவு விழித்துக்கொள்கிறது.

என் பாட்டியார் பேறு பார்த்தவர். பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, கால்களை நீட்டி அதன்மேல் கிடத்திக் குளிப்பாட்டுவதில் அவருக்கு நிகர் எவருமில்லை என்பர். ஊருக்குள் இருந்து அவரை அழைத்துப் போவார்கள். புழக்கடை வழியாகத்தான் அழைத்துப் போவார்கள். பிள்ளையைத் தொட்ட அதே கைக்குக் குடிக்க நீர் வார்க்கும்போது சொம்பை உயர்த்திப் பிடித்தே வார்ப்பார்கள். கூலி சில படி நெல். அவருடைய கை அறிந்ததெல்லாம் கல்வி என்று எவரும் சொல்லவில்லை. சான்றிதழ் இல்லை, விலை பேசும் உரிமை இல்லை, மறுக்கும் உரிமையும் இல்லை. இழிவு அந்தக் கைத்தொழிலில் இருந்ததா, அந்த மூன்றும் இல்லாமையில் இருந்ததா என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. என் தந்தையார் இளமையில் தம் ஊர்ச் சலூனில் ஒருமுறையும் அமர்ந்ததில்லை. வேப்பமரத்தடியில் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டனர். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் கடைகளில் நுழையும் உரிமை விவாதிக்கப்பட்டபோது, கடை என்னும் சொல் எதையெல்லாம் குறிக்கும் என்று உறுப்பினர்கள் வினவினர். காசுக்குப் பணிசெய்யும் இடமெல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கும், சலவைக்கடையும் முடிதிருத்தும் நிலையமும் அடங்கும் என்று அண்ணல் விளக்கினார். அதுவே 15-ஆம் பிரிவின் பொருள். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இருந்தும் சில ஊர்களில் இன்றும் நம் பிள்ளைகள் முடிவெட்டிக்கொள்ளப் பக்கத்து நகரத்துக்குப் பேருந்தேறுகின்றனர். நமக்கு மறுக்கப்பட்ட அந்த நாற்காலியை நம் வீட்டுப் பெண் தன் பணத்தில் வாங்கிப் போட்டு, வருவோர் எவராயினும் ஒரே துண்டு, ஒரே கத்தரி, ஒரே விலை என்று நடத்துவாளானால், அதைக் காலைக் கழுவும் வேலை என்று எவ்வாறு கூறுவது?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் இதற்கு நேரான சான்று உண்டு. அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்ற பெற்றோர்க்கு 1867-இல் லூசியானாவில் பிறந்தவர் சாரா பிரீட்லவ். துணி வெளுத்துப் பிழைத்தவர். கூந்தல் பராமரிப்பைத் தொழிலாக்கி, மேடம் வாக்கர் என்னும் பெயரில் 1910-இல் இண்டியானாபோலிசில் ஆலை நிறுவினார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்குப் பயிற்சியளித்தார். 1917-இல் அப்பெண்கள் பிலடெல்பியாவில் மாநாடு கூடினர். கூந்தல் எண்ணெய் பற்றிப் பேசிக் கலைந்துவிடவில்லை. தம் இனத்தவர் மீது நடந்த படுகொலைகளைக் கண்டித்து அந்நாட்டுக் குடியரசுத் தலைவருக்கே தந்தி கொடுத்தனர்.

செப்டிமா கிளார்க் என்னும் ஆசிரியை, உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததால் 1956-இல் தென் கரோலினாவில் வேலை இழந்தார். மறு ஆண்டு சனவரியில் ஜான்ஸ் தீவில், வாக்குரிமை பெறும் பொருட்டு எழுதப் படிக்கக் கற்பிக்கும் முதல் குடிமைப் பள்ளி தொடங்கியபோது, அதில் ஆசிரியராய் அமர்ந்தவர் பெர்னீஸ் ராபின்சன். அவர் சொந்தமாக அழகு நிலையம் நடத்தியவர். அவரிடம் வந்தவர்கள் அவருடைய மக்களே. ஆதலால் அவரை வேலையிலிருந்து நீக்கும் முதலாளி எவரும் இல்லை. என் பேச்சில் மற்றவற்றை மறந்தாலும் இந்த ஒன்றை மறவாதீர்கள்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். ஐ.டி.ஐ.க்களில் காஸ்மெட்டாலஜி என்னும் பிரிவு ஓராண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தேறியோர்க்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிட்டும். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பெற்ற புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் பயின்று ஐ.டி.ஐ.யில் சேரும் பெண்களையும் உள்ளடக்கியது. 1974-இல் நிறுவப்பட்ட தாட்கோவும் அண்மை ஆண்டுகளில் நம் இளைஞர்களுக்கென்றே கட்டணமின்றி அழகுக்கலைப் பயிற்சி அளித்துள்ளது. இது பெண்களுக்கு மட்டும் உரியதென்று ஆண்பிள்ளைகள் ஒதுங்க வேண்டா. பெருநகர சலூன்களில் பணிபுரிவோரில் ஆடவர் ஏராளம்.

அங்கே கற்பது பவுடர் பூசுவதை மட்டுமன்று. தோலின் அடுக்குகள், மயிர்க்கால், நரம்பு, தசை ஆகியவற்றை முதலில் படிக்க வேண்டும். தலைச்சாயத்தில் பி.பி.டி. என்னும் வேதிப்பொருள் உண்டு. சிலருக்கு அது முகத்தை வீங்கச் செய்துவிடும். ஆகவே காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் காத்திருந்து பார்ப்பது முறை. ஒருவருக்குப் பயன்பட்ட சவரத்தகடு மற்றவர் தோலில் பட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவக்கூடும். இவற்றைக் கல்லாமல் கடை திறப்பவர் எத்தனை பேர் என்று திருவள்ளூர்க் கடைத்தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். சிவப்பாக்கித் தருகிறேன் என்னும் களிம்புகள் நம் பெண்களைக் குறிவைத்தே விற்கப்படுகின்றன. 1975-இல் வந்த புகழ்பெற்ற களிம்பொன்று 2020-இல் தன் பெயரிலிருந்து சிவப்பழகுச் சொல்லை நீக்கிக்கொண்டது. ஆனால் ஆசையை எவரும் நீக்கவில்லை. பெயரற்ற களிம்புகள் பலவற்றில் பாதரசமும், மருத்துவர் சீட்டின்றித் தொடக்கூடாத ஸ்டீராய்டும் கலந்துள்ளன. கேரளத்தில் கோட்டக்கல் பகுதியில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அரிதான ஒரு வகை காணப்பட்டது. அந்தப் பதினைவரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். கறுப்புத் தோலிலும் வெளுத்த தோலிலும் நிறமி உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை சுரக்கும் நிறமியின் அளவே வேறு. வெயிலின் கேட்டிலிருந்து நம்மைக் காப்பதும் அந்நிறமியே. நம் வீட்டுப் பெண் இத்தொழிலுக்குச் சென்றால், வரும் மணப்பெண்ணிடம் "உன் நிறத்தை மாற்ற வேண்டியதில்லை அம்மா" என்று சொல்லும் துணிவு வேண்டும். அவ்வாறு சொல்பவள் முதலில் சில வாடிக்கையாளரை இழப்பாள் என்பதையும் மறைக்க மாட்டேன்.

உடல்நலச் சிகிச்சை என்னும் பகுதி நமக்குப் புதிதன்று. பண்டித அயோத்திதாசர் சித்த மருத்துவர் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். 1907-இல் அவர் தொடங்கிய இதழை அறிந்தவர்கள், அவர் நாடி பார்த்து மருந்து கொடுத்தவர் என்பதை அறிவதில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்னும் முறை ஒன்பது வகைப்படும்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். இன்று ஸ்பா என்று கண்ணாடிக் கதவுக்குள் விற்கப்படுவதில் பெரும்பகுதி இதுவே. என் பாட்டியார் செய்தவற்றிலும் இவற்றுள் நான்கைந்தேனும் இருந்தன.

ஆனால் எல்லை அறிந்து நிற்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பிடித்துவிடக் கூடாது. இரத்தக் கட்டி இருப்பின் நுரையீரலுக்கு நகர்ந்து உயிரைப் போக்கும். நீரிழிவையும் புற்றையும் நீவிக் குணமாக்குவேன் என்று பலகை எழுதுவது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சித்த மருத்துவம் முறையாகப் பயில விரும்புவோர்க்கு 1964-இல் தொடங்கிய பாளையங்கோட்டைக் கல்லூரி உண்டு, தாம்பரத்தில் தேசிய நிறுவனம் உண்டு. சிலவாரப் பயிற்சி பெற்றவர் தம்மை மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளலாகாது.

மற்றொரு எச்சரிக்கை. நம் தெருப்பெண்கள் இருவர் ஒரு தனியார் நிலையத்தில் கடன் வாங்கிப் பெருந்தொகை கட்டிப் பயின்றனர். பொன்னெழுத்துச் சான்றிதழ் கிடைத்தது. அதை எந்தக் கடையும் மதிக்கவில்லை. பணம் கட்டுமுன், சான்றிதழை வழங்குவது யார், அரசு ஏற்றதா, உயிருள்ள ஆட்களின் மேல் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் சேராதீர்கள்.

வேலைக்குச் செல்வோர் நிலை எளிதன்று என்பதையும் கூறவேண்டும். நாள் முழுதும் நிற்க வேண்டும். முகூர்த்த நாட்களில் விடியற்காலை மூன்று மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். சில ஆண்டுகள் பிறரிடம் பணியாற்றிக் கைத்திறன் சேர்த்தபின் சொந்தக் கடை வைப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 விழுக்காடு மானியமும் வட்டியில் 6 விழுக்காடு தள்ளுபடியும் வகுக்கப்பட்டன. காக்களூர்த் தொழிற்பேட்டையிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தால் விவரம் கிட்டும். அங்கே தனியே செல்லத் தயங்குவோரைக் கழகத்தார் அழைத்துச் செல்வர்.

நான் முதலிற் சொன்ன அந்தத் தந்தையார் இன்று இக்கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் மகள் இப்போது ஓர் ஆலையில் இரவு முறை வேலைக்குச் செல்கிறாள். அவர் மனம் மாறிவிட்டதாக நான் சொல்லவில்லை. மாற வேண்டுமென்று அவரை இங்கே நெருக்கவும் மாட்டேன். அவர் திருப்பித் தந்த விண்ணப்பத்தின் நகல் என் பையில் இருக்கிறது. இந்த ஆண்டுக்குரிய படிவங்கள் கழக அலுவலக மேசைமேல் உள்ளன. சாதிச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கொண்டுவருவோர்க்கு நானே அமர்ந்து நிரப்பித் தருகிறேன்.