கணினி வழி தெரியும் விதம்



கடிதமொன்றை எழுதி உறையிலிட்டு முகவரி எழுதித் தபாற்பெட்டியிற் போடுகின்றோம். அது எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதை எழுதுகின்றோமேயன்றி, எவ்வழியாற் போகவேண்டும் என்பதை எழுதுவதில்லை. வழியைத் தெரிபவர் தபாற்கந்தோரில் இருந்து கடிதங்களை வகுப்பவர். நம் வீட்டு மேசையிலிருக்கும் கணினிக்குள்ளும் இத்தகைய வகுப்பாளர் ஒருவர் ஓயாது தொழில் செய்துகொண்டிருக்கின்றார் என்பதை, கலைப்பட்டதாரியாகிய நான் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அறிந்தேன். அதனையும் நூலிற் படித்து அறியவில்லை. ஓர் இக்கட்டில் அகப்பட்டே அறிந்தேன்.

வீ.பீ.என். என்னும் சொல் இந்நாட்டிற் பலருடைய செவியில் விழுந்தது 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரிலிலும் 2022 ஏப்ரிலிலும் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்ட வேளைகளிலேயாகும். ஆதலின், அதனைத் தடை தாண்டும் ஏணி என்றே பலர் கருதுகின்றனர். ஆயின் அதன் முதன்மையான பயன் வேறு. தொலைவில் இருக்கும் ஒருவர், பொதுவான இணையத்தின் ஊடாகத் தம் அலுவலகத்தின் தனி வலையமைப்புக்குள் பிறர் கண்ணிற் படாது சென்று வருவதற்கான சுரங்கவழியே அது. மெய்நிகர் தனியார் வலையமைப்பு என்று அதனைத் தமிழில் வழங்குகின்றோம்.

2021ஆம் ஆண்டில், பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில், ஒரு வகுப்பு மாணவரின் புள்ளிகளை அலுவலகம் ஒன்றின் கணினியிற் பதிய வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கு வேண்டாம். வீட்டிலிருந்தே பதியலாம் என்று வீ.பீ.என். மென்பொருளைத் தந்திருந்தார்கள். அதனை இயக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. ‘இணைக்கப்பட்டது’ என்ற சொல்லும் தோன்றியது. ஆனால் அவர்கள் தந்த 192.168.1.20 என்னும் முகவரியைத் தட்டினால் மறுமொழியே இல்லை. இரண்டு மாலைப்பொழுதுகள் இவ்வாறு வீணாயின. மூன்றாம் நாளே இறுதிநாள். பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பு என் மேசையில் ஒரு தாளாகக் கிடக்க, நான் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எமது பாடசாலையின் கணினி ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் என் மாணவியாகவும் இருந்தவர். நான் சொன்னவற்றை எல்லாம் கேட்டுவிட்டு, “சேர், வீட்டு அச்சுப்பொறி வேலை செய்கின்றதா?” என்று வினவினார். தீயணைக்கக் கூப்பிட்டவனிடம் அடுப்பிலே என்ன கறி என்று கேட்பது போல எனக்குத் தோன்றிற்று. வேலை செய்கின்றது என்றேன். “அதன் முகவரி என்ன?” என்றார். பார்த்தேன், 192.168.1.15. “அப்படியானால் நோய் தெரிந்துவிட்டது, சேர்” என்றார். அந்நோய் யாது என்று விளங்கிக்கொள்ள, முதலிலே வகுப்பாளரின் முறையை அறிதல் வேண்டும்.

கணினியிலிருந்து வெளியே செல்லும் செய்தி யாவும் சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றன. ஒவ்வொரு பொதியின் மீதும் சேருமிட முகவரி உண்டு. அதனை எவ்வழியில் விடுவது என்பதற்குக் கணினி ஓர் அட்டவணையை வைத்திருக்கின்றது. விண்டோஸ் கணினியிற் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ரௌட் பிரின்ற்’ என்னும் கட்டளையைக் கொடுத்தால் அவ்வட்டவணையை யாரும் பார்க்கலாம். எந்த முகவரிக் கூட்டம், எந்தப் படலையால் வெளியேறுவது, எந்த வலை அட்டையைப் பயன்கொள்வது, அவ்வழியின் செலவு எண் என்ன என்பன அங்கே வரிசையாக இருக்கும்.

வகுக்கும் விதி ஒன்றே. யாழ்ப்பாணம் என்று எழுதிய பை ஒன்றும், யாழ்ப்பாணம் நல்லூர் என்று எழுதிய பை ஒன்றும், ஏனைய இடங்கள் என்று எழுதிய பை ஒன்றும் தொங்குகின்றன என்று கொள்வோம். நல்லூருக்குப் போகும் கடிதம் மூன்றிலும் இடத்தக்கதே. எனினும் வகுப்பாளர் மிகக் குறிப்பான பெயருடைய நல்லூர்ப் பையிலேயே அதனை இடுவார். எங்கும் பொருந்தாதவையே ஏனைய இடங்கள் என்ற பைக்குப் போகும். கணினியும் அவ்வாறே. முகவரியின் முற்பகுதியில் மிக நீளமாகப் பொருந்தும் வரியையே அது தெரிகின்றது. இரு வரிகள் ஒரே அளவு குறிப்பாக இருந்தால் மாத்திரமே செலவு எண் குறைந்தது வெல்லும். செலவு எண்ணைக் குறைத்துவிட்டால் எதனையும் வென்றுவிடலாம் என்று எண்ணித் தலையை உடைத்துக்கொள்வோர் பலர். குறிப்பான வரிக்கு முன் அந்த எண் செல்லாக்காசு.

இனி வீ.பீ.என். செய்வதைக் காண்போம். அம் மென்பொருள் முதலிற் கம்பியற்ற, உருவற்ற, போலி வலை அட்டை ஒன்றைக் கணினியில் உண்டாக்குகின்றது. பின்னர் அட்டவணையிற் புதிய வரிகளை எழுதுகின்றது. 2001இல் ஜேம்ஸ் யோனான் வெளியிட்ட ஓபன்வீ.பீ.என். என்னும் மென்பொருளின் உபாயம் ஒன்று மிக நயமானது. ஏனைய இடங்கள் என்ற பழைய வரியை அது அழிப்பதில்லை. உலகின் 4,294,967,296 பழைய வகை முகவரிகளையும் இரு பாதிகளாகப் பிரித்து, பாதிக்கு ஒரு வரியாக இரண்டு வரிகளை எழுதிவிடுகின்றது. முழுவதையும் குறிக்கும் வரியைவிடப் பாதியைக் குறிக்கும் வரி குறிப்பானது அல்லவா? ஆகவே பொதிகள் எல்லாம் சுரங்கவழிக்கே திரும்புகின்றன. சுரங்கம் இடிந்தாலோ பழைய வரி இருந்தபடியே இருக்கும், மீளக் கட்டவேண்டியதில்லை. விண்டோஸின் சொந்த வீ.பீ.என். செலவு எண்ணைக் கொண்டு இதனைச் சாதிக்கின்றது. 2020 மார்ச்சில் லினக்ஸின் 5.6ஆம் பதிப்பின் கருவோடு சேர்க்கப்பட்ட வயர்கார்ட், லினக்ஸிலே தனக்கெனத் தனி அட்டவணை ஒன்றையே வைத்துக்கொள்வதுண்டு.

ஒரு பொதிக்கு மாத்திரம் விலக்கு உண்டு. உள்ளே செல்லும் கடிதம் முத்திரையிடப்பட்ட இன்னோர் உறைக்குள் வைக்கப்பட்டு, சுரங்கத்தின் மறுமுனையிலுள்ள கணினிக்கு அனுப்பப்படுகின்றது. அந்த வெளியுறையும் சுரங்கத்துக்குள்ளேயே திரும்பினால், ஒருவன் தன் தோளிலே தானே ஏற முயன்ற கதையாகும். ஆதலால், மறுமுனைக் கணினியின் ஒற்றை முகவரிக்கு மட்டும் பழைய படலையாற் போகும்படி ஒரு தனி வரி எழுதப்படும். அதனைவிடக் குறிப்பான வரி வேறு இருக்க இயலாது.

இப்போது என் நோய்க்கு வருகின்றேன். எங்கள் வீட்டு வலையமைப்பின் முகவரிகள் 192.168.1 என்று தொடங்கும் 256. இவற்றை அயலுக்குள்ளேயே கொடு என்ற வரி அட்டவணையில் எப்போதும் உண்டு. அது உலகின் பாதியைக் குறிக்கும் வரியிலும் எத்தனையோ மடங்கு குறிப்பானது. சுரங்கம் திறந்திருந்தும் அச்சுப்பொறி இயங்கியது அதனாலேயே. கேடும் அதனாலேயே. அலுவலகத்தாரும் தம் வலையமைப்புக்கு அதே 192.168.1 என்னும் தொடரையே வைத்திருந்தார்கள். நான் அலுவலகக் கணினிக்கு அனுப்பிய பொதிகள் எங்கள் வீட்டுக்குள்ளேயே இல்லாத ஓர் ஆளைத் தேடி அலைந்து மாண்டன.

இது அபூர்வமான தற்செயல் அன்று. 1996ஆம் ஆண்டின் இணைய ஒழுங்கொன்று தனியார் பாவனைக்கென மூன்று முகவரிக் கூட்டங்களை ஒதுக்கிற்று. 10 என்று தொடங்குவது மிகப் பெரியது, 172.16 முதல் 172.31 வரை மற்றொன்று, 192.168 மூன்றாவது. இவ்வளவு விசாலமான காணி கிடக்க, வீட்டு ரௌட்டர் செய்வோரிற் பெரும்பாலோர் 192.168.0 அல்லது 192.168.1 என்னும் முதலிரண்டு மூலைகளிலேயே கொட்டில் போடுகின்றார்கள். ஓர் அலுவலகமும் அவ்வாறே செய்தது சோம்பல் என்பதே என் கருத்து. ஆசிரியை சொற்படி எங்கள் ரௌட்டரிற் புகுந்து 192.168.57 என்று மாற்றினேன். அன்று இரவு புள்ளிகள் போய்ச் சேர்ந்தன.

கதை அத்துடன் முடியவில்லை. என்னைத் தற்செயலாய் வருத்திய அதே விதியை வேண்டுமென்றே பயன்படுத்தலாம் என்பதை 2024 மே மாதத்தில் லெவையதன் செக்கியூரிட்டி நிறுவனத்து ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். ரனல்விஷன் என்று அதற்குப் பெயரிட்டனர். தங்குமடங்களிலும் தேநீர்ச்சாலைகளிலும் வைபையில் இணையும்போது, நமக்கு முகவரி தருவது அவ்விடத்து வலையமைப்பிலுள்ள டீ.எச்.சீ.பீ. என்னும் ஏற்பாடு. 2002ஆம் ஆண்டின் விதியொன்றின்படி, அது முகவரியோடு வழிகளையும் தரலாம். 121ஆம் தெரிவு என்பது அது. வஞ்சகன் ஒருவன் பாதியைவிடக் குறிப்பான வரிகளை அவ்வழியே அனுப்பினால், நம் கணினி விசுவாசத்தோடு அவற்றை எழுதிக்கொள்ளும். பொதிகள் சுரங்கத்தை விட்டு அவன் படலைக்குத் திரும்பும். சுரங்கத்தின் பூட்டை அவன் உடைக்கவில்லை. பொதி அதற்குள் இறங்கவேயில்லை. பச்சை விளக்கோ எரிந்துகொண்டிருக்கும். அன்ட்ரொயிட் தொலைபேசிகள் 121ஆம் தெரிவைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆதலால் அவை தப்பின. கணினிகளிலோ, சுரங்கத்துக்கு வெளியே எதனையும் விடாத தீச்சுவர் விதிகளை மென்பொருள் தானும் சேர்த்து எழுதினாலன்றி அட்டவணையை மாத்திரம் நம்பியிருக்க முடியாது.

இன்னொரு வாயிலும் உண்டு. ஐ.பீ. ஆறாம் பதிப்பின் முகவரிகளுக்கு வேறோர் அட்டவணை இருக்கின்றது. நான்காம் பதிப்பின் வரிகளை மாத்திரம் எழுதும் வீ.பீ.என். ஆயின், ஆறாம் பதிப்புப் பொதிகள் பக்கத்து வேலியாற் போய்விடும்.

எல்லாப் பொதிகளையும் சுரங்கத்துள் விடுவதா, அலுவலகப் பொதிகளை மட்டும் விடுவதா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வீட்டிலிருந்து அலுவல் பார்ப்பதற்குப் பின்னையதே போதும். ஊர்ப்பொது வைபையில் இருப்பவர் முழுவதையும் விடுவதே நன்று. எதுவாயினும், பச்சை விளக்கை இப்போது நான் நம்புவதில்லை. விண்டோஸில், பொதியொன்று கடக்கும் படலைகளை ஒவ்வொன்றாகக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. புள்ளித்தாளை எடுக்கும் முன் அதனைக் கொடுத்து முதல் வரியைப் பார்க்கின்றேன். அங்கே 192.168.57.1 என்று வந்தால், என் பொதி இன்னும் வீட்டுப் படலையாலேயே போய்க்கொண்டிருக்கின்றது. வேறெண் வந்தால், சுரங்கத்தில் இறங்கிவிட்டது.