சொப்பும் சொல்லும்

நம் வீடுகளில் இன்று ஒரு புதுமை காண்கிறோம். கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழை; அதனுள் செம்மரத்து மரப்பாச்சி இணை, தஞ்சைத் தலையாட்டிப் பாவை, அரக்குப் பூசிய சொப்புகள். வருவோர் கண்டு வியக்கின்றனர். வீட்டுக் குழந்தையோ அவற்றைத் தொடல் ஆகாது! அதன் கையில் நாம் தருவது தமிழில் பெயரறியா நெகிழிப் பண்டம்.

பார்ப்பதற்கென்றா நம் முன்னோர் விளையாட்டுப் பொருளைப் படைத்தனர்? குறுந்தொகையின் 61ஆம் பாட்டு ஒரு சிறுதேரைக் காட்டுகிறது. தச்சன் செய்தது, ஏறிச்செல்ல இயலாதது, எனினும் கையால் இழுத்தே இளையோர் இன்புறுகின்றனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் நிறைவுப் பருவமும் சிறுதேர்ப் பருவமே அன்றோ?

பொருநை பாயும் அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகளை எண்ணிப் பாருங்கள். சுழலும் மரத்தில் உளி பட்டு உருவம் திரளும். வண்ண அரக்கை அதன்மேல் அழுத்த, உராய்வின் சூட்டில் அது உருகிப் படியும். தாழைமடலால் தேய்க்க மெருகேறும். அங்கே பிறப்பவை யாவை? அம்மி, குழவி, உரல், உலக்கை, திருகை, குடம், அடுப்பு. இவை வெறும் மரத்துண்டுகளா? அல்ல, எழுத்தறியாக் குழந்தைக்குத் தாய் தரும் முதற் சொற்சுவடி!

அண்மையில் என் வகுப்பில் சொப்புகளைப் பரப்பி வைத்தேன். திருகையை எடுத்து, "இஃது யாது?" என்றேன். எவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "திருகை, ஐயா! உளுந்து உடைப்பது" என்றாள். அவள் வீட்டில் கல்திருகை இல்லை. பாட்டி தந்த சொப்பு இருந்தது. கல்திருகை வீட்டைவிட்டுப் போனபின்னும், விரலளவு மரத்திருகை அச்சொல்லைக் காத்து நின்றது!

தஞ்சைப் பாவை 2008-09இல் புவிசார் குறியீடு பெற்றது, மகிழ்ச்சியே. குறியீடு பொருளின் பெயரைக் காக்கும். குழந்தையின் வாய்ச்சொல்லை யார் காப்பது?

எனவே, தாய்மாரே, பேழையைத் திறவுங்கள். சொப்பு குழந்தையின் கைக்கு வரட்டும். நிறம் மங்கட்டும், உடைந்தாலும் உடையட்டும். மற்றொன்று வாங்குங்கள், கடைசல்காரர் வீட்டிலும் அடுப்பெரியும். கொடுக்கும்போதே அதனதன் பெயரைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள்.

மரம் தேய்ந்தால் வேறு மரம் கடையலாம். சொல் தேய்ந்தால் எந்தப் பட்டறையில் கடைவது?