அண்ணலின் கடிதம் கிடைத்த பெட்டி

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசியோர் அதனை நன்றாகவே பேசிவிட்டனர். நான் பழைய காகிதங்களைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். வீட்டுப் பரணில் கிடந்து, போகி நாளில் நெருப்புக்குப் போகின்றனவே, அந்தக் காகிதங்களைப் பற்றி.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்றோர் ஊர். அங்கே 1863இல் உழவுக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் 1947இல் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதன் நூலகத்தில் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் என்னும் கறுப்பினப் பேரறிஞரின் கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் பேணப்படுகின்றன. அடிமை முறை ஒழிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த 1868இல் பிறந்து, 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 1910 முதல் 1934 வரை ‘கிரைசிஸ்’ என்னும் இதழை நடத்தினார். அவருடைய காகிதங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்று நமக்கு உறவுடையது. அது அண்ணல் அம்பேத்கர் எழுதிய கடிதம்.

1946ஆம் ஆண்டின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டுத் தேர்தலில் அண்ணலின் ஷெட்யூல்டு வகுப்பினர் பெடரேஷன் படுதோல்வி அடைந்திருந்தது. இலண்டனிலிருந்து வந்த அமைச்சரவைத் தூதுக்குழுவும் நம் மக்களின் தனிக் கோரிக்கைகளை ஏற்கவில்லை. உள்நாட்டில் கதவுகள் அடைபட்ட அந்த வேளையில், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு விண்ணப்பம் அளித்த செய்தி அண்ணலை எட்டியது. உடனே டு பாய்ஸுக்கு எழுதினார். தாம் அவரை நேரில் கண்டதில்லை என்றும், அவருடைய எழுத்துகளைத் தொடர்ந்து படித்து வந்ததாகவும், இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையால் அவர்களைப் பற்றிக் கற்பது தமக்கு இன்றியமையாதது என்றும் குறித்தார். இந்தியாவின் தீண்டப்படாத மக்களும் அவ்வாறே விண்ணப்பிக்க எண்ணுகின்றனர். அந்த விண்ணப்பத்தின் படிகள் இரண்டு மூன்று அனுப்புக என்று கேட்டிருந்தார்.

1946 ஜூலை 31 அன்று டு பாய்ஸ் மறுமொழி எழுதினார். தேசிய நீக்ரோ காங்கிரஸ் என்னும் அமைப்பு அளித்த விண்ணப்பத்தை உடன் இணைத்தார். இதனினும் விரிவான ஒன்று பின்னர் அளிக்கப்படக்கூடும், அதனையும் அனுப்பி வைப்பேன் என்றார். அண்ணலின் பெயரையும் பணியையும் தாம் அறிந்தவர் என்றும், நம் மக்கள்பால் தமக்குப் பரிவு உண்டு என்றும், இயன்ற உதவி செய்வேன் என்றும் எழுதினார். அவர் குறிப்பிட்ட அந்த விரிவான விண்ணப்பம் 1947 அக்டோபரில் ஐ.நா. சபையில் அளிக்கப்பட்டது.

அரைப் பக்கக் கடிதங்கள் இரண்டுதான். ஆயினும், உலகின் இரு கோடிகளில் இழிவு சுமத்தப்பட்ட இரு மக்களின் தலைவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்பதை வேறு எந்தச் சான்று நமக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லும்?

இவை எப்படிப் பிழைத்தன என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. டு பாய்ஸ் தமக்கு வந்த கடிதங்களைப் பாதுகாத்ததோடு, தாம் எழுதியவற்றின் படிகளையும் வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அரசின் சினத்துக்கு ஆளானார். 1951இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது, விடுதலை பெற்றார். பின்னர்ச் சில ஆண்டுகள் அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1961இல் கானா நாட்டுக்குப் புறப்பட்டபோது, காகிதங்களில் பெரும்பகுதியை நண்பரும் வரலாற்றாசிரியருமான ஹெர்பர்ட் ஆப்தேக்கரிடம் ஒப்படைத்தார். ஆப்தேக்கர் வெள்ளையர், பொதுவுடைமைக் கட்சியினர், அவரும் ஐயத்துக்கு உள்ளானவரே. அந்தக் காலத்தில் அந்தப் பெட்டிகளை வீட்டில் வைத்திருப்பதற்கே துணிவு வேண்டும். டு பாய்ஸ் 1963இல் மறைந்தார். அவர் துணைவியார் ஷெர்லி கிரஹாமிடமிருந்து 1973இல் பல்கலைக்கழகம் அவற்றைப் பெற்றது. வகைப்படுத்தி முடித்து 1980இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டனர். இன்று நம் ஊரிலிருந்தே கணினியில் அவற்றைக் காணலாம். இளைஞர்கள் இன்றிரவே பார்க்கட்டும்.

அந்தக் கட்டுகளில் தலைவர்களின் கடிதங்கள் மட்டுமே உள்ளன என்று எண்ணிவிடாதீர்கள். 1905இல் பென்சில்வேனியாவிலிருந்து ஓர் ஆசிரியை டு பாய்ஸுக்கு எழுதினார். தம் பள்ளியில் அறிவுள்ள ஒரு கறுப்பினச் சிறுமி படிக்க மறுக்கிறாள், படித்தும் தனக்கு எந்த வேலையும் கிடைக்கப்போவதில்லை என்கிறாள் என்பது செய்தி. டு பாய்ஸ் அச்சிறுமிக்கே நேராக எழுதினார். உனக்குக் கிடைத்த வாய்ப்புக்காக ஏங்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். நீ கைவிடும் வாய்ப்பு பிறருடைய வழியையும் கடினமாக்கும். அறியாமை எதற்கும் மருந்தாகாது என்ற கருத்தில் அமைந்தது அக்கடிதம். நம் விடுதிகளில் அச்சிறுமி சொன்னதைச் சொல்லாத பிள்ளை உண்டா? இத்தனைக்கும் அவள் பெரிய இடத்துப் பெண் அல்லள். அவளுக்கு எழுதிய கடிதமும் காக்கப்பட்டது என்பதே எனக்கு வியப்பு.

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்கின்றேன். பிறர் பெட்டியில் அண்ணலின் கடிதம் பத்திரமாக இருந்தது. அவருடைய சொந்தக் காகிதங்களின் கதி என்ன? 1956இல் அவர் மறைந்தபின், தில்லி அலிப்பூர் சாலை இல்லம் கைமாறியதில், காகிதங்கள் முற்றத்தில் கொட்டப்பட்டு மழையில் நனைந்து பல அழிந்தன என்று அவருடைய உதவியாளர் நானக் சந்த் ரத்து எழுதியிருக்கின்றார். எஞ்சியவை பெட்டிகளில் முடங்கிக் கிடந்தன. 1976இல் மகாராஷ்டிர அரசு குழு அமைத்தது; வசந்த் மூன் பதிப்பாசிரியராக உழைக்க, 1979இல் முதல் தொகுதி வெளிவந்தது. நனைந்து கரைந்த தாள்களில் எவை இருந்தன என்பதை இனி எவரும் கூற இயலாது.

நம் தமிழகத்திலும் இப்படியொன்று நேர இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914 வரை நடத்திய ‘தமிழன்’ இதழ், நூலகங்கள் மதித்துக் காத்த இதழன்று. அன்பு பொன்னோவியம் போன்ற நம்மவர் சிலர் பழைய படிகளைக் கண்போல் காத்து வந்தனர். அதனாலன்றோ 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் பண்டிதரின் சிந்தனைகளை நூலாக வெளியிட முடிந்தது! அதன் பிறகே பேராசிரியர்கள் பலர் பண்டிதர் என்றொருவர் இருந்ததை அறிந்தனர். 

நம் சங்கத்துக்கு வருகின்றேன். விடுதிக்கு இடம் கேட்டு எழுதிய மனுக்கள், கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்கள், கூட்டக் குறிப்பேடுகள், நன்கொடை ரசீதுக் கட்டுகள், வெளியூர் சென்று படித்த பிள்ளைகள் பெற்றோருக்கு எழுதிய அஞ்சலட்டைகள் ஆகியவை எங்கே? சில செயலாளர் வீட்டில், சில முன்னாள் பொருளாளர் வீட்டில், சில எவரிடம் என்றே தெரியாமல். பிறர் எழுதி வைத்த அரசுக் கோப்புகளில் நாம் மனுதாரர் மட்டுமே. நம் கையால் எழுதியவற்றில்தான் நாம் மனிதர்களாக இருக்கின்றோம்.

சங்க அலுவலகத்தில் இதற்கென ஓர் இரும்பு அலமாரி வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கின்றேன். மூலத்தைத் தர மனமில்லாதோர் படியெடுக்கவாவது கொடுங்கள். குடும்பச் செய்தி உள்ள கடிதங்களை, எழுதியவரோ அவர் பிள்ளைகளோ ஒப்பாமல் எவருக்கும் காட்டலாகாது. கிழிந்த தாளைப் பசை நாடாவால் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அதுவே தாளைத் தின்றுவிடும். துருப்பிடித்த ஊசிகளை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் யார் கொடுத்தது, யார் எழுதியது என்று மெல்லிய பென்சிலால் குறியுங்கள். உறையைக் கிழித்தெறியாதீர்கள், நாள் குறிக்காத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரையே நாள். அண்ணலின் அந்தக் கடிதத்தைக் காப்பகத்தார் ‘1946 ஜூலை அளவில்’ என்றே குறித்துள்ளனர். பதிலில் மட்டுமே நாள் தெளிவாக உள்ளது.