தறியை விற்க வேண்டாம்

(மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் மவுத்தாகி ஆறு வருடம். கல்யாண சீசனை நம்பி, கோரையும் நூலும் சாயமும் கடனுக்கு வாங்கிப் போட்டிருந்தார். மொத்தமாக எடுக்கிற வியாபாரி, “இப்போதைக்கு நிறுத்தி வைங்க, பிறகு சொல்றேன்” என்று சொல்லிவிட்டாராம். வேண்டாம் என்றே சொல்லியிருந்தால்கூட ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். இந்தப் ‘பிறகு’தான் ஆளைத் தின்கிறது.

“தறியைக் கொடுத்துரலாம்னு இருக்கேன் அண்ணே” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பீடி சுத்தலாமே தங்கச்சி, வாரக் கூலியாவது வருமே” என்றேன். அவர் பதில் பேசவில்லை. தறியில் பாதியில் நின்ற பாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, நூல் மாதிரி கிழித்து, பருத்திப் பாவில் நெய்த பாய். துணி போல மடங்குகிறது. அந்த விரலைப் பார்த்து பீடி சுற்றச் சொன்னவன் நான்.

யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழரின் செய்தி நமக்குத் தெரியும். அபூதாவூதில் இருக்கிறது, அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்கிற ஆலிம்களும் இருக்கிறார்கள். அவர் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் 2 திர்ஹத்துக்கு ஏலம் விட்டு, ஒன்றுக்கு உணவும் மற்றதற்குக் கோடரியும் வாங்கச் செய்தார்கள். அங்கே வீட்டுச் சாமானை விற்றுக் கருவி வாங்கினார். இங்கே கருவியை விற்று வீட்டை ஓட்டப் பார்க்கிறோம்.

நம் கமிட்டியிலும் ஒரு தவறு நடக்கிறது. “தறி இருக்கே, அவங்க எப்படி ஏழை?” என்று மனுவை ஒதுக்கிவிடுகிறோம். பிழைப்புக்கான கருவி ஒருவரைச் செல்வராக்கிவிடாது என்பதே ஃபிக்ஹ் சட்டம். கடனில் மூழ்கியவரோ, ஜகாத் பெறத் தகுதியானவர்களில் 9:60 வசனம் சேர்த்துச் சொல்லும் ஒரு பிரிவு. கோரைக் கடன் கொடுத்தவரும் நம் ஜமாஅத்தார்தான். கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் 2:280 வசனத்தை அவரிடம் நானே போய் நினைவுபடுத்தினேன். மூன்று மாதம் தந்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்கே பேரீச்சைக்கு முன்பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் இருந்தது. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கட்டும் என்று சொல்லி அதை அனுமதித்தார்கள். இதுதான் ‘ஸலம்’ வியாபாரம். முழு விலையும் இன்றைக்கு, சரக்கு பிறகு. வட்டியில்லை, தர்மமும் இல்லை, வியாபாரம். பாவப்பட்டு ஒரு பாய் வாங்குகிறேன் என்று போய், பாதி விலைக்குப் பேரம் பேசுகிறவர்களும் நம்மில் உண்டு. அந்த உதவி அவருக்கு வேண்டாம்.

சகோதரியிடமும் சில விஷயம் சொன்னேன். தொழில் பணத்தையும் அடுப்பங்கரைப் பணத்தையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். கோரை, நூல், சாயம், உங்கள் கூலி நாலையும் எழுதிக் கூட்டுங்கள். அதற்குக் கீழே விலை சொல்லாதீர்கள். பெயர் போட்ட பாயைப் பாதி முன்பணம் இல்லாமல் தறியில் ஏற்றாதீர்கள். அந்தப் பெயர் இன்னொருவருக்கு ஆகாது. பெரிய பாய் நிற்கும் நாளில் கைப்பை, மேசை விரிப்பு மாதிரி சின்னச் சரக்கு நெய்யலாம். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை அவரிடம் இல்லை. புவிசார் குறியீடு பெற்ற பாயை நெய்கிறவருக்கு அந்த அட்டை இல்லை! விண்ணப்பத்தை நம் அலுவலகப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். பூம்புகார் விற்பனை நிலையத்துக்கும் மாதிரியோடு ஒருமுறை போய் வரவேண்டும்.

ஷவ்வாலில் என் பேத்திக்கு நிக்காஹ், இன்ஷா அல்லாஹ். அந்தப் பாய்க்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டு நிக்காஹ் தேதியையும் பாயின் அளவையும் எழுத, வாசலருகே ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வஸ்ஸலாம்.