வேகத்துக்கு முன்னால் பிரேக்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணைப் பத்திப் பேசு, சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிடாதே" என்று செயலாளர் அன்புக் கட்டளை இட்டார். எனக்குத் தெரிந்தது கார். சடையங்குப்பத்தில் ஒரு நண்பரின் செட்டில், பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை உச்ச வேக ஓட்டத்துக்காகத் தயார் செய்தோம். மணிக்கு 250 கிலோமீட்டர் என்பது இலக்கு. அந்த வேலையைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சடையங்குப்பம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மணலி புதுநகர்ப் பக்கம், கொசஸ்தலை ஆற்றோரம் இருக்கும் ஊர். ஆற்றில் வெள்ளம் வந்தால் செய்தித்தாளில் பெயர் வரும். மற்ற நாளில் அந்த வட்டாரமே கன்டெய்னர் லாரிகளின் ராஜ்ஜியம். "அங்கேயா ஸ்போர்ட்ஸ் கார்?" என்று சிரிக்க வேண்டாம். மேற்கே செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1950களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் வரும்வரை தென்னிந்தியாவில் வேகம் என்றாலே சோழவரம்தான். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சீனியர்கள் சிலர் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே போனவர்கள். பெயர் சொல்ல மாட்டேன்!

அந்தக் காலத்துப் பந்தயக்காரர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஃபியட்டும் ஹெரால்டும்தான். அதையே பிரித்து, கடைந்து, எடையைக் குறைத்து ஓட்டினார்கள். கோயம்புத்தூர் கரிவர்தன் 1988இல் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். பெரிய எஞ்சின் இல்லையே என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஹெச்.பி., சார்?" என்பதுதான். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். எங்கள் காருக்குப் போட்ட கணக்கைச் சொல்கிறேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ள சுமார் 11 குதிரைத் திறன் போதும். 200இல் 85 வேண்டும். 250இல் 167. கடைசி 50 கிலோமீட்டருக்கு மட்டும் ஏறக்குறைய இன்னொரு மடங்கு. ஆகவே முதலில் காற்றைத்தான் கவனித்தோம். காரைத் தாழ்த்தினோம். அடிப்பகுதியைத் தகடு வைத்து மூடினோம். முன்பக்கத்தில் தேவையில்லாத துவாரங்களை அடைத்தோம். பின்பக்கம் மேலே தூக்காமல் இருக்க ஒரு சிறிய ஸ்பாய்லர் வைத்தோம்.

அடுத்தது கியர். டயர் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் போகிறது. 250இல் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 2,200 சுற்று. எஞ்சின் 6,500இல் முழுத் திறன் தருமானால், மொத்த கியர் விகிதம் மூன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இது பொருந்தாவிட்டால் எத்தனை ஹெச்.பி. இருந்தும் பயனில்லை.

ஆனால் நண்பர்களே, செட்டில் அதிக நாள் பிடித்தது இவையல்ல. டயரும் பிரேக்கும்தான்.

டயரின் பக்கவாட்டில் ஒரு எழுத்து இருக்கும். H என்றால் 210 வரை, V என்றால் 240, W என்றால் 270, Y என்றால் 300. அதே பக்கவாட்டில் இன்னோர் இடத்தில் நான்கு இலக்கம்: எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்று. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 250 வேகத்தில் டயரின் ஓரத்தில் இருக்கும் ஒரு கிராம் ரப்பர், ஒன்றரைக் கிலோவுக்கும் மேலான விசையோடு பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். பட்டன் தேயவில்லை, பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு என்பதெல்லாம் அங்கே செல்லாது.

பிரேக்கைப் பாருங்கள். 1,100 கிலோ காரை 250இலிருந்து நிறுத்தும்போது வெளியாகும் வெப்பம், 9 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். வீட்டு அடுப்பில் எவ்வளவு நேரம் ஆகும்? இங்கே எட்டே விநாடி! அந்தச் சூடு முழுவதும் நான்கு டிஸ்க்கில் இறங்குகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட்-4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும்; ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 155தான். கடற்கரையோர ஊரில் இருக்கும் நமக்கு இது சின்ன விஷயமல்ல. ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து புது ஆயில் மாற்றினோம்.

ஓட்டம் நடந்தது மத்தியப் பிரதேசத்தில், இந்தூர் அருகே பீதம்பூரில் உள்ள நேட்ராக்ஸ் சோதனைத் தடத்தில். 2021இல் திறக்கப்பட்ட 11.3 கிலோமீட்டர் நீள்வட்டத் தடம். எதிரே வண்டி வராது, குறுக்கே மாடு வராது.

எந்த அளவு தாண்டினால் நிறுத்துவது என்று சடையங்குப்பத்திலேயே ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். முதல் ஓட்டத்தில் 230ஐத் தொட்டது. உள்ளே வந்ததும் டயர் சூட்டை அளந்தோம். ஒரு முன்டயரின் ஓரம், தாளில் எழுதிய அளவைத் தாண்டியிருந்தது. "இவ்ளோ தூரம் வந்துட்டோம், இன்னும் ஒரே ஒரு ரவுண்டு போயிடலாம் சார்" என்றான் குழுவில் இளையவன். எங்கள் மெக்கானிக் அண்ணன் ஜாக்கியை வைத்துச் சக்கரத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார். "தாள்ல இன்னா எழுதினோமோ அதான் தம்பி" என்றார். 250 வரவில்லை. காரை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? இங்கே இருக்கும் தம்பிகள் சிலர் வண்டியை மாற்றிக்கொண்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் வெளிவட்டச் சாலைக்கும் எண்ணூர் விரைவுச் சாலைக்கும் போவது எனக்குத் தெரியும். அங்கே விளக்கில்லாமல் டிரெய்லர் நிற்கும். விடியற்காலையில் வலையோடு மீனவர் குறுக்கே வருவார். டிம் லைட்டில் 50 மீட்டர் தெரிந்தால் அதிகம். 200 வேகத்தில் ஒரு விநாடிக்கு 55 மீட்டர். கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் கார் அங்கே இருக்கும். அதற்குப் பிறகும் நிற்க 175 மீட்டர் வேண்டும். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், இந்தக் கணக்கை எந்த வக்கீலாலும் மாற்ற முடியாது.

வேக ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கே அது விட்டபாடில்லை! இருங்காட்டுக்கோட்டைக்கு வாருங்கள், முறையாக உரிமம் எடுத்து ஓட்டுங்கள். நம் மெக்கானிக்கல் துறையில் ஒரு குழு அமைத்தால் விடுமுறை நாட்களில் வந்து கூட நிற்க நான் தயார், சடையங்குப்பம் செட்டும் திறந்தே இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: எஞ்சினில் கை வைக்கும் முன், நிறுத்தும் கணக்கைப் போட்டுக்கொண்டு வர வேண்டும்.