சுபேதார் ராம்ஜி: படைவீரர், தலைமையாசிரியர், தந்தை

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் அண்ணல் அம்பேத்கரைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். அண்ணலின் அறிவையும் உழைப்பையும் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இன்று அவரை வளர்த்தவரைப் பற்றிப் பேச விழைகிறேன். அவர் ஒரு படைவீரர், ஒரு தலைமையாசிரியர், பெரிய குடும்பத்தின் சுமையைத் தோளில் தாங்கிய தந்தை. அவர் பெயர் சுபேதார் ராம்ஜி மாலோஜி சக்பால்.

ராம்ஜியின் பூர்வீகம் மகாராட்டிரத்து ரத்னகிரி மாவட்டத்திலுள்ள அம்பவடே என்னும் சிற்றூர். மகர் குலத்தில் பிறந்தவர். ஊருக்குள் அவருக்குக் கிணறு இல்லை, கோயில் இல்லை, பள்ளியும் இல்லை. ஆனால் வெள்ளையரின் படையில் இடம் இருந்தது. பம்பாய்ப் படையில் மகர்கள் சேர்ந்ததுபோலவே சென்னைப் படையிலும், சிறப்பாக மதராஸ் சாப்பர்ஸ் பிரிவிலும், நம் பறையர் குலத்தார் பெருந்தொகையாகப் பணிபுரிந்தனர். இதனை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

படை அவர்களுக்குச் சோறும் உடையும் மட்டும் தரவில்லை, எழுத்தையும் தந்தது. அக்காலத்தில் படைவீரர்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமாக இருந்தது. ஆண்களும் பெண்களும் படித்தனர். முதியோர்க்கு இரவுப் பள்ளிகள் நடந்தன. ராம்ஜி ஆசிரியப் பயிற்சி பெற்று, படைப் பள்ளியொன்றில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராக விளங்கினார். 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மாவ் படைமுகாமில் அவருக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் பதினான்காவது மகவாகப் பிறந்தவரே நம் அண்ணல். அப்பதினான்கு பிள்ளைகளுள் நிலைத்தவர் ஐவரே.

1892இல் ஒரு கதவு அடைபட்டது. சில இனத்தாரே போர்க்குணம் உடையோர், ஏனையோர் படைக்குத் தகுதியற்றோர் என்று ஆங்கில ஆட்சி ஒரு கொள்கை வகுத்து, மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. படைப்பள்ளியும் அதன் வழி வந்த எழுத்தும் இனி அடுத்த தலைமுறைக்கு இல்லை என்றாயிற்று. ராம்ஜி வாளாவிருக்கவில்லை. நீதிபதி ரானடேயை அணுகி, அவர் உதவியுடன் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார் என்று அண்ணலின் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். விண்ணப்பம் பலிக்கவில்லை. ஆனால் அநீதிக்கு எதிராக எழுத்தை ஆயுதமாக்கும் பழக்கம் அவ்வீட்டில் அன்றே தொடங்கிவிட்டது.

இத்தகைய பொய்க்கொள்கை நம் நாட்டில் மட்டும் இருந்ததன்று. கறுப்பினத்தார்க்கு உயர்ந்த படைப்பணிக்கு வேண்டிய திறன் இல்லை என்று அமெரிக்கப் படைக் கல்லூரியின் அறிக்கையொன்று 1925இல் கூறியது. அந்நாட்டில் பெஞ்சமின் டேவிஸ் என்னும் கறுப்பின இளைஞர் வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய தந்தையும் ராம்ஜியைப் போலப் படை அதிகாரியாகவும் ஆசிரியராகவும் விளங்கியவர். கல்லூரியின் நான்கு ஆண்டுகளும் உடன் பயின்றோர் மகனோடு பேசவில்லை, அறையில் துணையில்லை. அவர் 1936இல் தேர்ச்சி பெற்றும், விமானப் பிரிவு அவரை ஏற்க மறுத்தது. 1941இல் டஸ்கீகி என்னும் ஊரில் கறுப்பினத்தார்க்கெனத் தனி விமானப்படைப் பயிற்சி தொடங்கியபோது அவர் அதில் சேர்ந்து விமானியானார். பின்னர் அவ்வீரர்களுக்குத் தலைமை தாங்கி வட ஆப்பிரிக்கப் போர்முனைக்குச் சென்றார். அதே 1941 அக்டோபரில் பெல்காமில் மகர் ரெஜிமெண்டும் உருவாயிற்று. தகுதியில்லை என்று சொன்னோரே, போர் நெருக்கடியில் தகுதியைக் கண்டுகொண்டனர்! தகுதி அன்றும் இருந்தது, வாய்ப்புத்தான் மறுக்கப்பட்டிருந்தது.

ராம்ஜியின் வாழ்வுக்குத் திரும்புவோம். ஓய்வு பெற்றபோது அவருக்குக் கிடைத்தது மாதம் ஐம்பது ரூபாய் ஓய்வூதியம். தபோலியில் சில காலம் வாழ்ந்து, பின் சதாராவில் குடியேறினார். அங்கே பீமாபாய் அம்மையார் மறைந்தார். அப்போது பீமுக்கு வயது ஐந்து அல்லது ஆறு. தாயற்ற பிள்ளைகளை ராம்ஜியின் சகோதரி வளர்த்தார். பள்ளியில் சிறுவன் பீம் சாக்குத்துணியைத் தன் வீட்டிலிருந்து கொண்டுசென்று தனியே அமர்ந்தான். பியூன் ஊற்றினால்தான் தண்ணீர்; பியூன் வராத நாளில் தாகம். நாவிதர் முடி வெட்ட மறுத்தமையால் அக்காவே வெட்டிவிட்டாள். சுபேதாரின் மகன் என்பது பள்ளி வாசலில் செல்லுபடியாகவில்லை.

ராம்ஜி குறையே இல்லாத மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் மறுமணம் செய்துகொண்டதும், தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்ததும் மகன் உள்ளத்தைப் புண்படுத்தின. அவருடைய கண்டிப்பும் மிகுதி. ஆயினும் கபீர் நெறியைத் தழுவிய அவர் மதுவைத் தொட்டதில்லை. காலையும் மாலையும் பிள்ளைகளை அமர்த்திப் பக்திப் பாடல்களும் இதிகாசங்களும் வாசிக்கச் செய்தார். இவற்றை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று மகன் எதிர்த்துக் கேட்டபோது, தாழ்வு மனப்பான்மை உன்னைப் பற்றாதிருக்கவே என்னும் கருத்துப்பட விடை கூறினார். அவ்விடையை மகன் முழுதும் ஏற்றாரில்லை. ஆனால் கேட்க விடும் தந்தை ஒருவர் அங்கே இருந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறை. சமையலும் அங்கே, படுக்கையும் அங்கே, படிப்பும் அங்கே. முதியவர் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அதன் பின்னரே தாம் உறங்குவார். ஆங்கிலப் பாடநூல்களை மனப்பாடம் செய்வித்து, மொழிபெயர்ப்புப் பயிற்சி அளித்தவரும் அவரே. மகன் புத்தகம் கேட்டால் பணம் இருக்காது. மணமாகிச் சென்ற மகள் வீட்டுக்கு நடப்பார், கடன் கேட்பார். மகளிடமும் பணம் இல்லையெனில் அவளது நகையை வாங்கி அடகு வைத்துப் புத்தகம் வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுத் திருப்பித் தருவார்.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவதைச் சற்று உன்னிப்பாகக் கேளுங்கள். அந்த ஐம்பது ரூபாயில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியவில்லை. பீமின் அண்ணன் ஆனந்தராவ் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். ஒருவர் படிக்க, ஒருவர் படிப்பை விட்டார். அண்ணல் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். நாடு அவரைக் கொண்டாடுகிறது. ஆனந்தராவை யார் நினைக்கிறோம்? நகையைக் கழற்றித் தந்த அக்காமாரை யார் நினைக்கிறோம்?

நம் வீடுகளிலும் ஆனந்தராவ்கள் இருக்கிறார்கள். கரும்பு வெட்டவும், செங்கல் சூளைக்கும், வெளிமாநிலத் தோட்டங்களுக்கும் பெற்றோர் செல்லும்போது உடன் செல்லும் மூத்த பிள்ளை ஓர் ஆனந்தராவ். தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட பெண்பிள்ளையும் அவ்வாறே. கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளியில் பாதியில் நின்றுபோகும் மலைவாழ் பிள்ளையும் நம் பிள்ளைதான். 2024 ஜூனில் இக்கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தோரில் மிகப் பலர் அன்றாடக் கூலிகள். அவர்களைப் பழிப்பது நம் வேலையன்று. நஞ்சை விற்றவர் வேறு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிட அப்பா இல்லாத பிள்ளைகள் இன்று இவ்வூரில் இருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாமா?

தந்தையின் தியாகம் மட்டும் போதாது என்பதையும் ராம்ஜியின் வாழ்வே காட்டுகிறது. இண்டர்மீடியட் தேறியபின் மகனை மேலும் படிக்க வைக்க அவரிடம் வழியில்லை. கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் பரிந்துரைக்க, பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் இருபத்தைந்து ரூபாய் உதவித்தொகை வழங்கினார். அதனாலேயே பி.ஏ. பட்டம் கைகூடியது. ஓர் ஆசிரியரின் அக்கறையும் மாதம் இருபத்தைந்து ரூபாயும் ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றின.

பட்டம் பெற்ற அண்ணல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த சில நாட்களில் தந்தை நோயுற்றார் என்று தந்தி வந்தது. வழியில் சூரத்தில் தந்தைக்கென இனிப்பு வாங்க இறங்கியவர் வண்டியைத் தவறவிட்டு, மறுநாளே வீடு சேர்ந்தார். முதியவர் மகனின் முதுகைத் தடவிக் கொடுத்தார். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. அது 1913 பிப்ரவரி 2ஆம் நாள். அவ்வாண்டே மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பத்தாண்டுகள் கழித்து, ரூபாயின் சிக்கலைப் பற்றிய தம் ஆய்வு நூலைத் தம் கல்விக்காகத் தியாகம் செய்த தாய் தந்தையர் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

பெற்றோர்களே, ராம்ஜியைப்போல் உங்கள் வீட்டில் ஒரு விளக்கு, ஒரு விழித்திருக்கும் கண், இவ்விரண்டையும் பிள்ளைக்குக் கொடுங்கள். வேலையில் அமர்ந்த இளைஞர்களே, கேலுஸ்கரைப்போல் ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து அதன் புத்தகச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையைத் தந்தை படிக்க வைத்துவிடுவார். இரண்டாவது பிள்ளையும் நின்றுவிடாமல் காப்பதற்கே சங்கம் வேண்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பகுதியில் ஓர் ஆனந்தராவும் பள்ளியைவிட்டு நிற்கலாகாது. அந்நாளே நாம் சுபேதார் ராம்ஜிக்குச் செலுத்தும் உண்மையான படை வணக்கம்.