துருத்தியும் மூங்கிலும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் மாலை, அக்கோடியன் – புல்லாங்குழல் கச்சேரிக்கு முன்னர் செயற்குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட அறிமுக உரை)



அழைப்பிதழைக் கண்டதும் பலர் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: "அக்கோடியனில் கீர்த்தனையா?" செயற்குழுவிலும் அதே கேள்வி எழுந்தது. இரண்டு கூட்டங்கள் அதிலேயே போயின. பைலாவுக்கும் அணிநடைக்கும் உரிய வாத்தியத்தை மேடையேற்றி நூற்றாண்டைக் கேலியாக்குவதா என்று மூத்த அக்கா ஒருவர் எழுந்தே போய்விட்டார். இன்று அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அக்கா, நன்றி.

அவருடைய மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 1829 இல் வியன்னாவில் சிரில் டெமியன் என்பவர் உரிமம் பெற்ற இந்தக் கருவியில் ஒவ்வொரு சுரமும் ஓர் உருக்கு நாக்கு. துருத்திக் காற்றில் நாக்கு அதிரும், சுரம் கேட்கும். ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக வழியில்லை. கமகம் இல்லாவிட்டால் நமது இசையில் என்ன மிஞ்சும்? இதன் நெருங்கிய உறவான ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்திருந்ததும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான். திருச்சி வானொலி கேட்டு வளர்ந்த நம் தாய்மாருக்கு அந்தத் தடை தெரியாது. அவர்களுக்கு ஆர்மோனியம் என்றால் கோவிலும் கூத்தும்தான்.

சுருதியிலும் சிக்கல் உண்டு. அரைச்சுர இடைவெளியொன்றை 100 பங்காக்கினால், தம்புராவோடு இணங்கும் அந்தர காந்தாரத்தைவிட அக்கோடியனின் காந்தாரம் ஏறக்குறைய 14 பங்கு மேலே நிற்கிறது. கேட்டுப் பழகிய காது முகம் சுளிக்கும்.

குழலின் கதை வேறு. ஊதுதுளை ஒன்று, விரல் துளை எட்டு. துளையை அரைகுறையாக மூடியும் உதட்டைச் சற்றே திருப்பியும் எந்த நுண்சுரத்தையும் பிடிக்கலாம். கண்பார்வையற்ற கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். மாலி என்ற டி.ஆர்.மகாலிங்கம் அதைப் பாட வைத்தார். பெண்களுக்குக் குழல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு சிக்கில் குஞ்சுமணி, நீலா சகோதரிகள் வாசித்தே பதில் சொன்னார்கள். 2002 இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது இருவருக்குமாக வந்தது.

இனி, இன்று வாசிக்கப்போகும் இருவரைப் பற்றி. பெயர் சொல்ல வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். உங்களுக்குத் தெரியாத பெயர்களும் அல்ல.

1989 இல் நமது மேலைத்தேய வாத்தியக் குழுவில் ஒருவர் அக்கோடியன், மற்றவர் குழல். வகுப்பிலும் ஒரே வாங்கு. 1990 நடுப்பகுதியில் சண்டை மீண்டும் மூண்டபோது குழல்காரியின் குடும்பம் இந்தக் கரையிலிருந்து வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இறங்கியது. சட்டைக்குள் செருகிப் போன குழல் அங்கேதான் ஒரு நல்ல குருவைக் கண்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அக்கோடியன்காரி புத்தளத்துக்குப் போனார். ஒரு பை உடுப்புக்கே வழியில்லாதபோது 80 பொத்தான் அக்கோடியனை யார் தூக்குவது? அது பாடசாலையின் சொத்து வேறு. அலமாரியிலேயே கிடந்தது. நம் முஸ்லிம் சகோதரிகள் போன அந்த நாட்களில் நம்மில் பலர் அவர்களை வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை. இந்த மலரில் அதையும் எழுத வேண்டும் என்று செயற்குழு ஒரே குரலில் தீர்மானித்தது. அதற்கு இரண்டு கூட்டம் தேவைப்படவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் பெட்டியைத் திறந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. உப்புக் காற்றில் நாக்குகள் துருவேறியிருந்தன. அவற்றைப் பிடித்திருந்த தேன்மெழுகும் பிசினும் நம் ஊர் வெயிலில் இளகி, நாக்குகள் சில கழன்று உள்ளே கிடந்தன. முதலில் கொடுத்த இடத்தில் சான்ட்பேப்பர் போட்டுத் தேய்த்துத் தந்தார்கள். துரு போயிற்று, சுருதியும் போயிற்று. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும் என்பதை நாங்கள் படித்தது அப்போதுதான். பிறகு கிடைத்த திருத்துநர் வலக்கை நாக்குகளில் பாதியைப் புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் காசுக்குப் புதிய கீபோர்ட் வாங்கியிருக்கலாம் என்று கணக்குக் கேட்டவர்களுக்குப் பொருளாளரிடம் பற்றுச்சீட்டுகள் உண்டு.

இருவரும் மூன்று மாதம் வார இறுதிகளில் இங்கு வந்து ஒத்திகை பார்த்தார்கள். புத்தளத்திலிருந்து வருபவர் மதவாச்சியில் ரயில் மாறி இறங்குதுறை வரை வருவார். 1990 இல் நின்றுபோன ரயில் 2015 இல் திரும்பியிராவிட்டால் இந்தக் கச்சேரியும் இல்லை. முன்னொரு காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த வித்துவான்கள் கப்பலிறங்கி ரயிலேறிய துறை இது. ஒத்திகைக்காக ஒருவர் இங்கே ரயிலால் இறங்குவதைக் காண எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. அக்கோடியன் தன்னால் ஆகாததைச் செய்ய முயலாது. ஒரே சுரத்துக்குச் சற்றே விலகிய இரு நாக்குகள் சேர்ந்து நடுங்கும் பதிவை மூடிவிட்டு, ஒற்றை நாக்குப் பதிவில் மட்டுமே வாசிப்பார். இடக்கையில் கூட்டுச்சுரப் பொத்தான்களைத் தொடமாட்டார்; தனிச்சுரப் பொத்தான்களில் சட்சமும் பஞ்சமமும் மட்டும். 'வாதாபி கணபதிம்' ஹம்சத்வனியில் வருகிறது. அதில் காந்தாரத்தில் நிற்பது குழல்தான், அக்கோடியன் அதைக் கடந்து போகும். தோடி ஆலாபனையின்போது அக்கோடியன் மடியில் சும்மா இருக்கும். அடுத்து முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். வெள்ளைக்காரரின் பாண்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் சாகித்தியம் செய்தார் என்பது நம் மூத்த அக்காவுக்கு நாங்கள் காட்டிய கடைசி ஆதாரம். அதைக் கேட்ட பிறகுதான் அவர் சிரித்தார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குழல்காரி மூச்செடுக்கும் இடத்தில்தான் மற்றவர் துருத்தியைத் திருப்புவார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டோம். "அப்பவும் அப்படித்தான் வாசிச்சம்" என்றார்கள்.

மிருதங்கம் பதினோராம் வகுப்பு மாணவி. சூடு ஏற ஏற மூங்கிலின் சுருதி ஏறும், அக்கோடியன் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் வெயில் தாழ்ந்து, கடற்காற்று வந்த பிறகு தொடங்குகிறோம். மின்விசிறிக் காற்று ஊதுதுளைக்கு ஆகாது. இப்போது எல்லா விசிறிகளையும் நிறுத்தப் போகிறோம். ஒன்றரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். யன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறோம்.